சிக்னல் இருந்துச்சு, செல்லுலோஸ் மட்டும் வரல

நாலு மாசம் ஆச்சு. நேத்து காலைலதான் ப்ளேட்ல பாக்டீரியா காலனி சுருக்கம் விழுந்து நின்னுச்சு, செல்லுலோஸ் வந்துட்டதுக்கு அடையாளம் அது, பாத்ததும் அப்படியே உக்காந்துட்டேன். ஈ கோலைங்கற பாக்டீரியா எப்போ செல்லுலோஸ் (குளுக்கோஸ் கோத்த நீள இழை) செய்யுது, எப்போ நிறுத்துதுன்னு பாக்கணும், ப்ராஜெக்ட் அவ்ளோதான்.

முதல் மூணு வாரம் போனது என் தப்பு. வழக்கமான எல்பி (பாக்டீரியா வளக்கிற ஊட்டக் கலவை), 37 டிகிரி, செல்லுலோஸ்ல ஒட்டி செவப்பாக்குற காங்கோ ரெட் சாயம் போட்ட ப்ளேட்ல எல்லாம் வெள்ளை. சீனியர் அக்கா பாத்துட்டு "உப்பில்லாத எல்பி ஊத்து, 28ல வை"ன்னாங்க. ஜீன்கள கிளப்பி விடுற சிஎஸ்ஜிடி புரதம் அப்பதான் எழும்பும், அது டிஜிசிசி என்சைம கிளப்பும், அந்த என்சைம் ரெண்டு ஜிடிபி மூலக்கூற சேத்து சி-டை-ஜிஎம்பி ஆக்கும், இதுதான் சிக்னல். அந்த சிக்னல் போய் செல்லுலோஸ் செய்யுற பிசிஎஸ்ஏ என்சைமோட பில்இசட் பகுதியில ஒட்டினாதான் வாசல் தொறந்து கச்சாப்பொருளான யுடிபி-குளுக்கோஸ் உள்ள போகும், செல்லுலோஸ் இழை நீளும்.

மாத்தினதும் செவப்பா வந்துச்சு! சந்தோஷத்துல கைடுக்கு மெயில் கூட போட்டுட்டேன். இங்கதான் ஏமாறாதீங்க, காங்கோ ரெட் செல்லுலோஸ்ல மட்டுமில்ல, பாக்டீரியா செய்யுற கர்லிங்கற புரத நார்லயும் ஒட்டும். செல்லுலோஸ்ல ஒட்டி ஒளிர்ற கால்கோஃப்ளூர் சாயம் போட்டு யூவி வெளிச்சத்துல வச்சா ஒரு மினுக்கு கூட இல்ல.

சிக்னல் பத்தலயோன்னு டிஜிசிசி ஜீன பிளாஸ்மிட்ல (பாக்டீரியாவுக்குள்ள ஜீன் ஏத்துற சின்ன டிஎன்ஏ வளையம்) ஏத்தி அளவுக்கு மேலயே செய்ய வச்சேன், அப்பவும் ஒண்ணும் இல்ல, அதுலயே ஒன்றரை மாசம் காலி. டியூப் மேல வெறும் ஈ கோலைன்னு மட்டும் எழுதியிருக்கு, எந்த ஸ்ட்ரெய்ன் (உள்வகை)னு கேட்டா குடுத்தவர் "எல்லாம் ஒண்ணுதான்"னுட்டார். ஒண்ணு இல்லங்க! டிஎன்ஏவ சீக்வென்ஸ் பண்ணா கே-12ங்கற லேப் ஸ்ட்ரெய்ன். அதுல செல்லுலோஸுக்கு வேணுங்கற பிசிஎஸ்க்யூ ஜீனோட 6வது கோடான்ல (மூணெழுத்து குறியீடு) டிடிஜி இருக்க வேண்டிய எடத்துல டிஏஜி, அதாவது புரதம் செய்யுறத அங்கயே நிறுத்துற ஸ்டாப். அதே ஓபரான்ல (ஒண்ணா வேலை செய்யுற ஜீன் வரிசை) பின்னாடி வர்ற பிசிஎஸ்ஏவும் சேந்து அடிவாங்குது. மெஷினே ஓடாதப்போ நான் சுவிட்ச திரும்பத் திரும்ப அழுத்திட்டு இருந்திருக்கேன். இது 2013லயே பேப்பரா வந்த விஷயம், அத முதல்ல படிக்காம விட்டதுதான் இன்னும் வலிக்குது.

அந்த ஒரு எழுத்த திருத்தினேன், க்ளோனிங் சிக்கலில்லாம முடிஞ்சுது. அஞ்சாம் நாள் சுருக்கம்.

யாராவது இத ஆரம்பிக்கிறீங்கன்னா முதல் நாளே ஸ்ட்ரெய்ன் பேரக் கேட்டு வாங்குங்க, சொல்லலன்னா அந்த ஒரு எடத்தையாவது சீக்வென்ஸ் பண்ணிடுங்க. ஒப்பிட்டுப் பாக்க கர்லி ஜீன நீக்கின ஸ்ட்ரெய்ன் ஒண்ணு, டிஜிசிசி ஜீன நீக்கினது ஒண்ணு, ரெண்டும் அதே ப்ளேட்ல இருக்கணும். நேத்து யூவில திருத்தினது நீலமா பளிச்சுன்னு நின்னுச்சு, டிஜிசிசி இல்லாதது பக்கத்துலயே இருட்டா கெடந்துச்சு. அந்த ஃபோட்டோவ இன்னிக்கு கைடுக்கு அனுப்பிட்டேன்.