ஆகலாம்ணா என்றேன்

பிள்ளையின் மூளைக்கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கேட்கும் சம்மதப் படிவம் அது. அதன் ஏழாவது பத்தியில்தான் அந்த அப்பா கேட்டார். ஆய்வில் சேர்வதால் உங்கள் குழந்தைக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை என்று அச்சடித்திருக்கும் பத்தி. அதை நான் வாசித்து முடித்ததும், "இத குடுத்தா புள்ளைக்கு சீக்கிரம் கொணமாவுமா மேடம்?" என்றார்.

"ஆகலாம்ணா" என்றேன்.

உடனே கையெழுத்துப் போட்டார். இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் எத்தனையோ பெற்றோரிடம் அதே பத்தியை வாசித்திருக்கிறேன். அந்த இடம் வரும்போதெல்லாம் தொண்டை கொஞ்சம் இறுகுகிறது.

மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மறுநாள் காலை நடக்கவிருந்த முதல் ஆபரேஷன் அவர் மகனுக்கு. எட்டு வயது, சிறுமூளையில் கட்டி. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்தபின் கொஞ்சம் தெளிவு. பண்ருட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள். மூன்று மாதம் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து கேஸ் மாத்திரையும் பூச்சி மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். நடை தள்ளாடத் தொடங்கிய பிறகுதான் ஸ்கேன். இது எங்கள் வார்டில் மாதம் தவறாமல் கேட்கிற கதைதான். ஆனால் அந்த அப்பா ஒவ்வொரு முறையும், "நாங்கதான் லேட் பண்ணிட்டோம்" என்று சொல்லியே பேச்சைத் தொடங்குவார். அவரிடம் பேசும்போது இதை நான் மனதில் வைத்திருந்திருக்க வேண்டும்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டியை வெளியே எடுத்த நிமிடக் கணக்கில் ஒரு துண்டை லிக்விட் நைட்ரஜனில் போட்டாக வேண்டும். அப்புறம் அது மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குப் போகும். அறுவை முடிந்த மறுநாள் போய் ஆறஅமர அனுமதி கேட்க முடியாது. அந்தத் துண்டுக்காக ஒரு இம்மி கூட அதிகமாக வெட்டுவதில்லை. எப்படியும் எடுக்கப்போகிற கட்டி. பயாப்சிக்கு அனுப்பியது போக மிச்சம் இருப்பதைத்தான் வாங்குகிறோம்.

அதன் மதிப்பு என்ன என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளின் சிறுமூளையில் வரும் இந்த வகைப் புற்றுக்கட்டிக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்ற பெயரை அமெரிக்க மருத்துவர்கள் குஷிங்கும் பெய்லியும் வைத்தது 1925இல். அப்புறம் பல பத்தாண்டுகள் அதை ஒரே நோயாகப் பார்த்து, ஒரே மாதிரியாகத்தான் வைத்தியம் செய்தார்கள். அது உண்மையில் நான்கு வேறு நோய்கள் என்று ஒருமித்து எழுதியது 2012இல்தான். ஒரு பிரிவில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். இன்னொரு பிரிவில் எவ்வளவு வைத்தியம் செய்தாலும் பலருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. பல நாடுகளில் ஃப்ரீசர்களில் சேர்ந்திருந்த துண்டுகள்தான் இதைக் காட்டின. ஒவ்வொரு துண்டும் ஒரு அப்பாவோ அம்மாவோ பதறிக்கொண்டு போட்ட கையெழுத்து. அறுவைக்குப் பிறகு, தலையிலிருந்து முதுகுத்தண்டு முழுக்க 23.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54 கிரே, ஆறு வாரக் கதிர்வீச்சு. வளர்கிற மூளையை அது என்ன செய்யும் என்று ரிவ்யூவுக்கு வரும் பிள்ளைகளின் பள்ளிக்கூட மார்க்கிலேயே பார்க்கிறோம். நல்ல பிரிவில் இருக்கும் பிள்ளைகளுக்காவது அதைக் குறைக்கலாமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. துண்டு இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

இதெல்லாம் சரி. ஆனால் அவர் கேட்டது இதை அல்ல. தன் மகனைப் பற்றிக் கேட்டார்.

ஆராய்ச்சியையும் வைத்தியத்தையும் நோயாளி ஒன்றாக நினைத்துக்கொள்வதற்கு 1982லேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குப் பயிற்சியில் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளி தவறாகப் புரிந்துகொள்வார், நாம் திருத்த வேண்டும் என்பது பாடம். அந்த இரவு அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. புரியாததைச் சரியாகத்தான் கேட்டார். தவறான புரிதலைக் கொடுத்தது நான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கையெழுத்து கிடைக்காமல் போய்விடும் என்ற பயமா? கொஞ்சம் இருந்திருக்கும், அந்த வருடம் எங்களுக்குத் துண்டுகள் குறைவு. ஆனால் பெரிய காரணம் வேறு என்றே நினைக்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே "போறேன்" என்று சொல்லக்கூடாது, "போயிட்டு வரேன்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். காலையில் ஆபரேஷனுக்குப் போகப்போகிற பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "இல்லை" என்ற சொல்லை எப்படி எடுப்பது? வாய் வரவில்லை.

பையனிடமும் கேட்டேன். ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும் வேண்டும். "உன் தலையில இருந்து எடுக்கிற கட்டியில கொஞ்சம் நாங்க வச்சுக்கலாமா?" என்றேன். "வலிக்குமா?" என்றான். "நீ தூங்கிட்டிருப்ப, வலிக்காது" என்றேன். தலையாட்டினான். அவனுக்கு நேராகப் பதில் சொல்ல முடிந்தது. அவன் அப்பாவுக்கு முடியவில்லை.

அறுவை நன்றாக முடிந்தது. முதல் நாள் தண்ணீர் கேட்டான், அம்மாவைக் கூப்பிட்டான். இரண்டாம் நாள் பேச்சு நின்றுவிட்டது. கண் திறந்திருக்கும், அழுவான், ஒரு சொல் வராது. சிறுமூளையில் இந்தக் கட்டியை எடுத்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. சிறுமூளையிலிருந்து மேலே போகும் நரம்புப் பாதை அடிபடுவதால் என்கிறார்கள். அறுவைக்கான படிவத்தில் அதுவும் இருந்தது, டாக்டர் சொல்லவும் செய்தார். ஆனால் அந்த நேரத்தில் சொல்லப்படுகிற பத்து ஆபத்துகளில் எது யார் காதில் நிற்கும்?

நான்காம் நாள் வராந்தாவில் அந்த அப்பா என்னை நிறுத்தினார். "மேடம், அன்னிக்கு ஒரு துண்டு குடுத்தமே. அதுனாலயா?"

"இல்லண்ணா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். அது முழு உண்மை. ஆனால் அவர் முகத்தில் அது ஒட்டவில்லை. ஏன் ஒட்டும்? கொடுத்தால் நல்லது நடக்கலாம் என்று சொன்னவளே நான்தான். நல்லது செய்யக்கூடிய துண்டு என்றால் கெட்டதும் செய்யக்கூடும்தானே. அவர் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத்தான் தோன்றியது. "நாங்கதான் லேட் பண்ணிட்டோம்" என்று ஏற்கனவே சுமந்துகொண்டிருந்தவருக்கு இன்னொன்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆறு வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. இப்போது பேசுகிறான், இழுத்து இழுத்து. கதிர்வீச்சும் கீமோவும் முடிந்தன.

ஒரு ரிவ்யூவில் அவரே கேட்டார்: "அந்தத் துண்டு என்னாச்சு மேடம்? மருந்து ஏதாச்சும் வந்துச்சா?" அது ஃப்ரீசரில் தொடப்படாமல் இருந்தது. இந்த முறை சரியாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார வைத்துப் பேசினேன். இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான், வேண்டாம் என்றால் இப்போதுகூடச் சொல்லலாம், எடுத்து அழித்துவிடுவோம் என்றேன். பதறிவிட்டார். "ஏன் மேடம், கெட்டுப்போச்சா?"

"கெடலண்ணா."

"அப்ப இருக்கட்டும். நாளைக்கு இவனுக்கு ஒதவும்."

"இவனுக்கு இல்லண்ணா. பின்னாடி வர்ற பிள்ளைங்களுக்கு."

என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அப்புறம் பிளட் ரிப்போர்ட் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். அவருக்காகச் சொன்னேனா, என் பாரத்தை இறக்கச் சொன்னேனா என்று இன்னும் தெரியவில்லை. அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டேனோ என்றும் இருக்கிறது.

இப்போது படிவத்தை முந்தைய நாள் மாலையே கொடுத்துவிடுகிறேன். வாசித்துக் காட்டி, வைத்துக்கொள்ளுங்கள், காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் ஏழாவது பத்தியை முதலில் வாசி, யார் கேட்டாலும் "இல்லை" என்று வாயைத் திறந்து சொல் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்மா அதே கேள்வியைக் கேட்டார். மடியில் குழந்தை படுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் அந்தப் புதுப் பெண் நின்றிருந்தாள்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் போனேன். அந்த அம்மா குழந்தைக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையணைக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.