பண்டா ஆச்சே: 840 துப்பாக்கிகளின் கணக்கு

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத் தலைநகர் பண்டா ஆச்சேவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 2004 சுனாமியின் தடத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். 2,600 டன் எடையுள்ள மின்நிலையக் கப்பல் ஒன்றைக் கடல் ஊருக்குள் தூக்கி வந்து போட்டிருக்கிறது. அதன் மேல்தளத்தில் நின்று பார்த்தால் சுற்றிலும் வீட்டுக் கூரைகள்தான். ஆனால் நான் அதிக நேரம் இருந்தது பிளாங் பாடாங் மைதானத்தில்.

சுனாமி அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாலையில் ஒரு கூட்டம் நடைப்பயிற்சி போகிறது, பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். உதவிய நாடுகளுக்கு நன்றி சொல்லும் சின்னச் சின்னக் கற்கள் நட்டிருக்கிறார்கள். 2005 செப்டம்பர் 15 அன்று, ஆச்சே விடுதலை இயக்கம் ஒப்படைத்த துப்பாக்கிகளை இங்கேதான் எல்லோர் கண்முன்னும் அறுத்துப் போட்டார்கள்.

இந்தோனேசியாவிலிருந்து பிரிந்து போக அந்த இயக்கம் 1976-இல் தொடங்கிய போர் அது. சுனாமி வந்தது, மனம் மாறினார்கள், சமாதானம் ஆனது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே அலை அதே நாளில் இலங்கையையும் அடித்தது. அங்கே நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட அரசும் புலிகளும் போட்ட உடன்பாடே நீதிமன்றத் தடையில் நின்றுபோனது. 2006-இல் போர் மறுபடி மூண்டது. துயரம் மட்டும் போரை நிறுத்திவிடாது.

ஆச்சேவில் நிறுத்தியது கறாரான பேரம். பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி ஹெல்சிங்கியில் ஐந்து சுற்றுகளாக இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார். 2005 ஆகஸ்ட் 15-இல் கையெழுத்தானது. எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவீதம் ஆச்சேவுக்கு. ஆச்சே மக்கள் தங்களுக்கென்று தனிக் கட்சி தொடங்கலாம். இயக்கம் 840 ஆயுதங்களை நான்கு தவணையில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஈடாக ஒவ்வொரு தவணையிலும் வெளியிலிருந்து வந்த அரசுப் படைகள் வெளியேற வேண்டும். ஐரோப்பிய, ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகள்) கண்காணிப்பாளர்கள் கூடவே நின்று எண்ணினார்கள். ஒருவரை ஒருவர் நம்பச் சொல்லவில்லை, எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். இதுதான் என்னை ரொம்பவே பாதித்தது. சுனாமியன்று சிறையிலிருந்து தப்பிய, இயக்கத்தைச் சேர்ந்த இர்வாண்டி யூசுஃப் 2006 தேர்தலில் ஆளுநராகவே ஆகிவிட்டார்.

சரி, எல்லாம் முடிந்ததா என்றால் இல்லை. ஒரு காப்பிக் கடையில், நீளமான துணி வடிகட்டியைத் தூக்கித் தூக்கிக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் போரைப் பற்றிக் கேட்டேன். அலையைப் பற்றி அதுவரை தாராளமாகப் பேசியவர், "அதெல்லாம் பழைய கதை" என்று அடுத்த கோப்பையை எடுத்தார்.

ஒப்பந்தம் உண்மை ஆணையத்தையும் மனித உரிமை நீதிமன்றத்தையும் வாக்களித்தது. ஆணையம் அமைய 2016 வரை ஆனது. நீதிமன்றம் இன்னும் வரவில்லை. பீடி மாவட்டத்தில் ருமோ கெடோங் என்ற ராணுவச் சித்திரவதைக் கூடம் இருந்தது. அதில் எஞ்சியிருந்த சுவர்களை 2023-இல், இந்தோனேசிய அதிபர் அங்கே வருவதற்கு முன்னால், இடித்துத் தள்ளிவிட்டார்கள். துப்பாக்கியை அத்தனை துல்லியமாக எண்ணியவர்கள், போரில் காணாமல்போனவர்களையும் அப்படியே எண்ணியிருக்க வேண்டும். அந்தக் குடும்பங்கள் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.