மாட்டுக்கொட்டகையில் ஒரு மாருதி 800

ஜனவரி 5, 2025, ஞாயிறு

ராத்திரி முழுக்கக் கிழக்குக் காத்து. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மார்கழி, தை என்றால் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காற்று மொத்தமும் அந்த வாய்க்குள் புகுந்து நம் தோட்டத்து வழியாகத்தான் போகும். காலையில் திண்ணையைத் தடவினால் விரல் முழுக்கப் புழுதி.

இந்த ஊரில் வீட்டிலேயே காருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்றதும் மாமா சிரித்தார். கார் அவருடையதுதான், வெள்ளை மாருதி 800. கூரையும் பானெட்டும் வெயிலில் சுண்ணாம்பு பூத்துப்போய், கை வைத்தால் வெள்ளை ஒட்டுகிறது. “ஆனியிலயோ ஆடியிலயோ பண்ணுடா, புழுதி அடங்கியிருக்கும்” என்றார். புழுதி அடங்கும், ஈரம் அடங்காதே. தின்னர் ஆவியாகும்போது தகரத்தைக் குளிரவைக்கும். மழைக்காலத்தில் அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து பெயின்ட் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் ஆவியாகியே காயும் என்.சி. பெயின்ட் என்றால் இது இன்னும் மோசம். தூசியைத் துணி வைத்து வடிகட்டலாம். ஈரத்துக்கு நம் கொட்டகையில் வழி கிடையாது. அதனால் தைதான்.

வெள்ளைக்கு மேல் வெள்ளையே அடிக்கிறேன். கலர் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றியாக வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒரே ஒரு கெடு இருக்கிறது. வடக்கு வேலியில் நிற்கும் இலவ மரம். காய் வெடித்துப் பஞ்சு பறக்க ஆரம்பித்தால் பெயின்ட் அடிக்கக் கட்டும் எந்தக் கூடாரமும் நிற்காது.

ஜனவரி 11, சனி

கொட்டகையில் மாடு இல்லாமல் போய் வருஷங்கள் ஆகின்றன. ஒட்டடை அடித்து, கூரைச் சட்டங்களைத் துடைத்து, தரையைக் கழுவி விட்டேன். பி.வி.சி. பைப்பில் சட்டம் கட்டி, மேலேயும் நாலு பக்கமும் கனமான பாலித்தீன் ஷீட். டியூப்லைட் எல்லாம் ஷீட்டுக்கு வெளியே. வெளிச்சம் உள்ளே வந்தால் போதும், சுவிட்சும் சோக்கும் உள்ளே வரத் தேவையில்லை.

ஃபேனை எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வீடியோக்களில் பாதிப் பேர் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் பின்சுவரில் மாட்டி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கிறார்கள். இதில் இரண்டு கெடுதல். தின்னர் ஆவி முழுக்க மோட்டார் வழியாகவே போகும், ஒரு பொறி போதும். இன்னொன்று, உள்ளே காற்றழுத்தம் குறையும். அப்போது ஷீட்டில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையும் புழுதியை உறிஞ்சும்.

நான் திருப்பி வைத்திருக்கிறேன். கிழக்குப் பக்கம் ஃபேன், அது உள்ளே தள்ளும். அதற்கு முன்னால் ஏசி டக்டில் போடும் வெள்ளை ஃபில்டர் துணி இரண்டு மடிப்பு. மோட்டார் நல்ல காற்றிலேயே ஓடும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருப்பதால் ஓட்டை வழியாகக் காற்று வெளியேதான் போகும். மேற்குப் பக்கம் தரையோடு ஒட்டி அகலமான வாய், அதிலும் துணி. வெளியே அடிக்கும் காற்றும் அதே திசை என்பதால் ஃபேனுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஃபேனைப் போட்டதும் ஷீட் வயிறு மாதிரி வெளியே உப்பியது. அப்படி உப்பினால்தான் சரி.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். கேரளத்தில் ஆறு மாவட்டங்களுக்கு இன்று லோக்கல் லீவு, அதில் பாலக்காடும் உண்டு. எமரி பேப்பரைத் தொடவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பின் வீல் ஆர்ச்சில் துரு. சுரண்டச் சுரண்டப் பட்டியாகவே வருகிறது. எப்போதோ எந்த ஒர்க்‌ஷாப்பிலோ துருவை எடுக்காமலே அதன் மேல் பட்டி பூசி மூடியிருக்கிறார்கள். பளபளவென்று தகரம் தெரியும்வரை எடுத்து, துரு பிடிக்காமல் தடுக்கும் எபாக்ஸி பிரைமர் போட்டு, அதற்கு மேல்தான் பட்டி. 80 நம்பர் எமரியில் தேய்த்து, 180, 320 என்று நைசாக இறங்கினேன். சமன்படுத்தும் பூச்சான சர்ஃபேசர் அடித்த பிறகு, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் 600 வாட்டர் பேப்பர்.

வேலந்தாவளத்திலிருந்து பெயின்டர் அண்ணன் வந்து பார்த்தார். கண்ணால் பார்க்கவே இல்லை. உள்ளங்கையைக் கதவின் மேல் தட்டையாக வைத்து, கண்ணை மூடி, முன்னும் பின்னும் ஓட்டினார். ஹேண்டிலுக்குக் கீழே கை நின்றது. “இங்க ஒரு பள்ளம் இருக்குதுங்க தம்பி, வெள்ளையில தெரியாது, பாலிஷ் போட்டா தெரியும்.” நான் தடவினேன், ஒன்றும் தெரியவில்லை. பென்சிலால் கோடு போட்டு, மரக்கட்டையில் எமரி சுற்றித் தேய்த்தேன். எல்லாக் கோடும் அழிந்த பிறகும் அந்த இடத்தில் மட்டும் கோடு அப்படியே நின்றது.

பெயின்ட் கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் 2 ஹெச்.பி., சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் முக்குகிறது. டேங்க் அடியில் திருகைத் திறந்தால் தினமும் தண்ணீர். அழுத்தத்தில் காற்று சூடாகி, பைப்பில் போகப்போக ஆறித் தண்ணீராகிறது. அதனால் தண்ணீரைப் பிரித்துப் பிடிக்கும் வாட்டர் டிராப்பைக் கம்ப்ரஸர் பக்கத்தில் வைக்காமல் நீளப் பைப்புக்கு அப்புறம் வைத்தேன்.

ஜனவரி 25, சனி

மாஸ்க் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அடிக்கப் போவது பி.யு. (பாலியூரித்தேன்) வெள்ளை, இறுக வைக்கும் ஹார்டனர் கலப்பது. அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984-இல் போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். இது அதுவல்ல, ஆனால் அதே குடும்பம். மூக்குக்கு வாசனை தெரிவதற்குள் உள்ளே போகக்கூடாத அளவு போயிருக்கும். மூச்சுக்குழாய் ஒருமுறை இதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும். பெயின்டர்களுக்கு வரும் தொழில் நோய்களில் இது பேர் போனது.

நம் பக்கம் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். சர்ஜிக்கல் மாஸ்க்கும் கைக்குட்டையும் ஒன்றுதான். கார்பன் கேட்ரிட்ஜ் மாஸ்க் தின்னருக்கு நல்லது. ஆனால் ஐசோசயனேட்டுக்கு வாசனை எச்சரிக்கை கிடையாது, கேட்ரிட்ஜ் எப்போது தீர்ந்தது என்று தெரியவே தெரியாது. வெளியிலிருந்து நல்ல காற்றை ஹோஸ் வழியாக முகத்துக்குக் கொண்டுவரும் மாஸ்க்தான் இதற்கு. சின்ன ப்ளோயரைக் காற்று வரும் பக்கம், கிணற்று மேட்டில் வைத்துவிட்டேன். பெயின்ட் கம்ப்ரஸரிலிருந்து மூச்சுக்காற்று எடுக்கவே கூடாது. ஆயில் புகை நேராக நெஞ்சுக்குள் போகும்.

பெயின்டர் அண்ணனிடம் காட்டினேன். “இருவது வருசமா துணிதானுங்க கட்டறேன்” என்றார். அவர் இருமலைப் பற்றி நான் கேட்கவில்லை. மாஸ்க்கைப் போட்டுப் பார்த்தார், கழற்ற மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு வேறு கவலை. “ஏங்கண்ணு, இந்த நாத்தம் மாட்டுக்கு ஆகுமா?” ஆகாது அத்தை என்றேன். காலையில் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, மாட்டைக் கிழக்கே ஓட்டிப்போன பிறகுதான் பெயின்ட் கன்னை எடுப்பது என்று பேச்சு.

பிப்ரவரி 2, ஞாயிறு

விடியற்காலையில் தகரத்தில் பனி. வெயில் ஏறும்வரை காத்திருந்து, தரையில் தண்ணீர் தெளித்து, கடைசியாகத் தூசியை ஒட்டி எடுக்கும் டாக் துணியால் ஒரு துடைப்பு.

கன்னில் 1.4 மி.மீ. நாஸில். தகரத்துக்கும் கன்னுக்கும் ஒரு சாண். ஒவ்வொரு வீச்சும் முன் வீச்சில் பாதியை மூட வேண்டும். கை வளைந்து போகாமல் உடம்போடு சேர்ந்து நகர வேண்டும். கதவு முடிந்த பிறகுதான் டிரிகரை விட வேண்டும். முதல் கோட்டு, அதாவது முதல் பூச்சு, லேசாக, பதினைந்து நிமிஷம் விட்டு அடுத்தது. மாஸ்க்குக்குள் என் மூச்சும் கன்னின் சீறலும் தவிர வேறு சத்தமில்லை.

கூரையில் மூன்றாவது கோட்டு முடித்த கையோடு ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. ஷீட்டை எப்படித்தான் தாண்டியதோ! ஆறு காலும் ஒட்டி, இறக்கையை மட்டும் அடித்துக்கொண்டது. எடுக்கத்தான் கை போகும், எடுக்கக் கூடாது. விரல் பட்டால் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பள்ளம். காய்ந்த பிறகு 2000 பேப்பரில் இரண்டு தேய்ப்பு, காலின் தடம்கூட இருக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொசு போய்விட்டது. கூரையில் அங்கங்கே தூசி, 2000 பேப்பரும் தேய்க்கும் காம்பவுண்டு பசையும் போட்டதில் அடங்கியது. கதவில் அந்தப் பள்ளம் இருந்த இடத்தை மாமா தடவித் தடவிப் பார்த்தார். கம்பெனி பெயின்ட் மாதிரி இல்லை என்றார். இல்லைதான். ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான சொரசொரப்பு டிக்கிப் பக்கம் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடப் போகிறேன், இருக்கும் கனத்தை அங்கே தேய்த்துக் குறைக்க விருப்பமில்லை. மெழுகுப் பாலிஷ் ஒரு மாதத்துக்கு வேண்டாம், உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் வெளியேற வேண்டும்.

மேற்கு வாய்த் துணி அப்பளமாக விறைத்துக் கிடக்கிறது. கலந்து மீந்த பெயின்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். டப்பாவிலேயே வெட்டவெளியில், மூடாமல் வையுங்கள். சூடாகித் தானே கல்லாகிவிடும்.

அடுத்த ஞாயிறு ஷீட்டைக் கழற்றுவதாக இருந்தேன். பெயின்டர் அண்ணன் அவருடைய பைக் டேங்கை இங்கே அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். மாஸ்க்கோடு.