நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு? ஆக்சிஜன் எவ்வளவு?

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு கிளார்க் எலக்ட்ரோடை, அதாவது குடுவையிலுள்ள கரைசலின் ஆக்சிஜன் அளவைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியை, பழக்கிவிடுவது என் வேலை. செல்லுக்குள் ஆக்சிஜனைச் செலவழித்து ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை எலி ஈரலிலிருந்து பிரித்து அதில் விட்டு, அதற்கு எரிபொருளான சக்சினேட் முதலானவற்றைச் சேர்த்தால் திரையில் கோடு சரிந்து இறங்கும். ஆக்சிஜன் செலவாகிறது என்று அர்த்தம். அதில் நம் உடம்பும் தயாரிக்கும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடின் கரைசலைத் துளி செலுத்தினால் கோடு இறங்காமல் அப்படியே கிடையாகிவிடும், சுவாசம் நின்றுவிட்டது என்று அர்த்தம். (ஊசிக்குள் காற்றுக்குமிழி இருக்கவே கூடாது. காற்றிலுள்ள ஆக்சிஜனே நைட்ரிக் ஆக்சைடைத் தீர்த்துவிடும்.) சற்றுப் பொறுத்தால் கோடு தானாக மறுபடி இறங்கும். பொறுமை இல்லையென்றால் கொஞ்சம் ஹீமோகுளோபின் விடலாம், அது நைட்ரிக் ஆக்சைடை உடனே பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் இன்னொன்றும் செய்யச் சொல்வேன். ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகு அதே அளவை மீண்டும் செலுத்தினால், இந்த முறை கோடு வெகுநேரம் மறுபடி இறங்காது.

காரணம் போட்டிதான். மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைச் செலவழிக்கும் நொதி சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். அதில் ஆக்சிஜன் வந்து பிணையும் அதே இடத்தில்தான், அதாவது ஹீம் என்ற இரும்புக் கூறும் தாமிரமும் உள்ள இடத்தில்தான், நைட்ரிக் ஆக்சைடும் பிணைகிறது. மூளையிலிருந்து பிரித்த நரம்பு முனைகளில் பிரவுன், கூப்பர் இருவரும் 1994இல் இதை அளந்தார்கள். ஆக்சிஜன் 145 மைக்ரோமோலார் அளவில் இருந்தபோது சுவாசம் பாதியாகக் குறைய 270 நானோமோலார் நைட்ரிக் ஆக்சைடு தேவைப்பட்டது (ஆயிரம் நானோமோலார் ஒரு மைக்ரோமோலார்). ஆக்சிஜன் 30 மைக்ரோமோலார் ஆனபோது 60 நானோமோலாரே போதுமானதாக இருந்தது.

நம் குடுவையில் காற்றோடு கலந்த கரைசலில் 200 மைக்ரோமோலாருக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. திசுக்களுக்குள் அதைவிட மிகவும் குறைவு, அதனால் அங்கே குறைந்த நைட்ரிக் ஆக்சைடே போதும். குடுவையில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு 'உடம்பில் இந்த அளவு நைட்ரிக் ஆக்சைடு ஏது?' என்று ஒதுக்குவது எனக்குக் கோபத்தையே தருகிறது. சயனைடு போல சுவாசத்தைத் தடுக்கும் நஞ்சுகளின் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு நகர்வதும் அப்படித்தான்.

கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. செல்லில் உண்டாகும் சூப்பராக்சைடு என்ற வினைமிக்க ஆக்சிஜன் வடிவத்தோடு சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் என்ற கடும் பொருளாகிவிட்டால் சேதம் எளிதில் மீளாது. ஆனால் மீளக்கூடிய அந்தத் தடைக்குப் பயன் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடை ஆராய்ந்த சால்வடோர் மொன்காடாவின் குழு 2003இல் காட்டியது இது: ஆக்சிஜன் குறைந்த செல்லில் நைட்ரிக் ஆக்சைடு மைட்டோகாண்ட்ரியாவைத் தடுத்தால், அங்கே செலவாகாத ஆக்சிஜன் செல்லின் மற்ற நொதிகளுக்குப் போகிறது. அதனால் ஆக்சிஜன் பற்றாக்குறையை அறிவிக்கும் ஹெச்ஐஎஃப் புரதம் சிதைக்கப்படுகிறது, செல் பற்றாக்குறையை உணர்வதே இல்லை. இதைச் சொன்னதும் மாணவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, ரத்தக்குழாய்க்குப் பக்கத்துச் செல்கள் இப்படி விட்டுக்கொடுக்கும் ஆக்சிஜன் தூரத்துச் செல்கள்வரை போய்ச் சேருமா என்பது. நல்ல கேள்வி. அதற்கு இந்தக் குடுவை போதாது.