ஜிப்சிக்கு ஸ்பிரிங் கட்டியது: முதல் முறை பிசகியது, இரண்டாம் முறை அமைந்தது

அஞ்செட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்குப் போகும் வழியில் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குச் சாலை என்று எதுவும் இல்லை. உருண்டைக் கற்கள், நடுவே ஓர் ஓடை, மறுகரையில் படிபோல எழும் பாறை. என் பழைய மாருதி ஜிப்சி அந்தப் பாறையில் அடிவயிறு உரசாமல் ஏறிய நாளே கிடையாது. வண்டியை உயர்த்தியே தீருவது என்று போன தை மாதம் வேலையில் இறங்கினேன்.

எது உரசுகிறது என்பதை முதலில் அறிய விரும்பினேன். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைக் கரைத்து வண்டியின் அடிப்பாகம் முழுவதும் பூசி, காய்ந்தபின் ஓடையைக் கடந்தேன். மூன்று இடங்களில் சுண்ணாம்பு போயிருந்தது: கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகளின் தகடுகள், பின் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டி). குறுக்குச் சட்டத்தில்தான் காயம் ஆழம். இது எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. ஸ்பிரிங் மாற்றினால் சட்டகமும் அதன்மேல் உள்ளவையும் உயரும். அச்சோடு சேர்ந்த டிஃபரன்ஷியலும் ஸ்பிரிங் தகடும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அவை உயரப் பெரிய டயர்தான் வேண்டும். ஜிப்சியில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருப்பதால் தகடு இன்னும் தாழ்ந்து தொங்குகிறது. ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றிவிடும்படி நண்பர் ஒருவர் சொன்னார். ஸ்டீயரிங் கம்பி, பிரேக் குழாய், கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் என்று எல்லாவற்றையும் திருத்த வேண்டிய வேலை அது. அகலம் குறைந்த வண்டியை அவ்வளவு தூக்கினால் சரிவில் கவிழும் பயமும் உண்டு. வேண்டாம் என்று விட்டேன்.

அடுத்து நான் செய்தது தவறு. நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில், இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பின் ஸ்பிரிங் கட்டுகள் இரண்டிலும் 7 மி.மீ. கனத்தில் ஒவ்வொரு பட்டை கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன். வண்டி பின்னால் 45 மி.மீ. உயர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் காலி வண்டி தேன்கனிக்கோட்டைச் சாலையின் வளைவுகளில் பின்னால் துள்ளியது. ஓடையில் அதைவிட மோசம்: விறைத்த ஸ்பிரிங் மடங்கிக்கொடுக்காததால் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நின்று வெறுமனே சுற்றியது, தரையில் இருந்த சக்கரம் அசையவில்லை. முன்பு உரசிக்கொண்டாவது ஏறிய பாறையில் இப்போது ஏறவே முடியவில்லை.

கிருஷ்ணகிரியில் லாரிகளுக்குக் கட்டுக் கட்டும் வயதான மேஸ்திரி ஒருவரிடம் போனேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “தம்பி, இந்த வண்டியில் தினம் என்ன ஏற்றுகிறாய்?” என்றார். எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்று கேட்கப் போனவனுக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை நிறுத்தினேன். நான் உட்கார்ந்திருக்க முன்னே 600 கிலோ, பின்னே 510. மாங்காய்க் காலத்தில் பின்னால் இருநூறு கிலோ சேரும். கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு, பின் அச்சுக்கு நேர் மேலே நான்கு சிமெண்ட் மூட்டைகளை வைத்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தேன். 40 மி.மீ. இறங்கியது. கூடுதல் பட்டையோடு முன்பு அதே மூட்டைகளுக்கு 22 மி.மீ.தான் இறங்கியிருந்தது. அதாவது ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறக்குறைய இரட்டித்திருந்தது.

காரணம் பட்டையின் கனம். அகலத்தை இரட்டித்தால் விறைப்பும் இரண்டு மடங்கு. கனமோ மும்மடிக் கணக்கில் வேலை செய்கிறது. 6 மி.மீ. பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 7 மி.மீ. பட்டை வைத்தால் அந்த ஒன்றின் விறைப்பு 59 விழுக்காடு கூடிவிடும். உயரத்தைத் தருவது வளைவு; விறைப்பைத் தருவது கனம். இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் பிழை.

நண்பரின் அதிகம் ஓடாத ஜிப்சியையும் அதே முறையில் அளந்தேன். என் வண்டி பின்னால் 22 மி.மீ., முன்னால் 15 மி.மீ. தாழ்ந்திருந்தது. நான் தேடிய உயரத்தில் பாதி என் வண்டி ஏற்கெனவே இழந்த உயரம்.

பங்குனியில் நான்கு கட்டுகளையும் பிரித்தோம். துருவைத் தேய்த்து எடுத்தபோது வலது பின் கட்டின் நீளமான மெயின் பட்டையில், கண் எனப்படும் நுனி வளையத்துக்கு அருகே மயிரிழை விரிசல் தெரிந்தது. இரு பக்கமும் புது மெயின் பட்டை போட்டோம். மற்றவற்றுக்கு மேஸ்திரி பழைய கனத்திலேயே வளைவு கொடுத்தார். பட்டைகளுக்கு இடையே கிராஃபைட் பூசினோம். பழைய யு போல்ட்டுகளைத் திரும்பப் போடவில்லை. ஒரு முறை இழுபட்ட மரையை நம்ப முடியாது. அந்தக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான் முழுதாக இறுக்கினோம். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்கின் ஒரு நுனியைச் சட்டகத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போடுவது மலிவான வழிதான். ஆனால் 50 மி.மீ. நீட்டினால் ஏறக்குறைய 25 மி.மீ.தான் உயரம் கிடைக்கும். முன்னால் போட்டால் அச்சின் சாய்வு மாறி, ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணமும் கெடும். அதைத் தொடவில்லை.

முதல் நாள் பின்னால் 48 மி.மீ., முன்னால் 35 மி.மீ. உயர்ந்திருந்தது. 600 கிலோமீட்டர் ஓடியபின் 40, 30 என்று படிந்து நின்றது. யு போல்ட்டுகளை மீண்டும் இறுக்கினேன். நான்கு மூட்டைச் சோதனையில் 37 மி.மீ. இறங்கியது, எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த எண் இதுதான். ஸ்டீயரிங் சக்கரம் சற்றுக் கோணலாக நின்றதை இணைப்புக் கம்பியின் நீளத்தைத் திருத்திச் சரிசெய்தேன். வண்டியைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு, ஷாக் அப்சார்பரும் பிரேக் குழாயும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

புது வண்டியின் உயரத்தோடு ஒப்பிட்டால் நான் உயர்த்தியது பின்னால் 18 மி.மீ., முன்னால் 15 மி.மீ. மட்டுமே. இதைவிட மேலே போக எனக்கு விருப்பமில்லை; பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தோப்பைத் தாண்டிக் காட்டுக்குள் போகும் எண்ணமும் இல்லை. அது காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், யானைகளின் இடம்.

ஆனியில் எட்டுக் கிரேட் பெங்களூரா மாங்காயோடு மறுபடி சுண்ணாம்பு பூசி ஓடையைக் கடந்தேன். நான்கு சக்கரங்களும் தரையை விடவில்லை. குறுக்குச் சட்டத்தில் பூசிய வெள்ளை அப்படியே இருந்தது. டிஃபரன்ஷியலின் அடியில் மட்டும் விரலளவுக்குச் சுண்ணாம்பு போயிருந்தது.