அமெரிக்காவில் தீர்ப்பு ஒத்திவைப்பு: சம்மதிக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்பீடிங் டிக்கெட் வந்தால் பதறிப்போய் உடனே அபராதத்தைக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும். டிக்கெட்டில் உள்ள கெடுவுக்குள் விசாரணை கேட்டு, 'டெஃபர்டு ஃபைண்டிங்' (தவறு செய்தீர்களா என்ற முடிவைத் தள்ளிவைப்பது) வேண்டும் என்று சொல்லுங்கள். தருவதும் மறுப்பதும் நீதிபதி விருப்பம். கிடைத்தால் நிர்வாகக் கட்டணம் கட்டி, அதிகபட்சம் ஓராண்டு வேறு டிக்கெட் வாங்காமல் ஓட்ட வேண்டும். வழக்கு தள்ளுபடியாகும், டிரைவிங் ரெக்கார்டில் ஏறாது. நடுவில் இன்னொன்று வாங்கினால் பழையதும் சேர்ந்து ஏறலாம். வண்டி ஓட்டும்போது செய்யும் மீறலுக்கு 7 ஆண்டில் ஒருமுறைதான் இந்தச் சலுகை. கமர்ஷியல் லைசென்ஸ்காரர்களுக்குக் கிடையாது.

கடைத்திருட்டு போன்ற சிறு குற்ற வழக்கு வேறு கதை. இங்கேதான் நம்மவர்கள் சிக்குகிறார்கள். கொலராடோவில் அரசு வழக்கறிஞர் சம்மதத்தோடு, முதலில் 'கில்டி' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு தீர்ப்பைச் சில நிபந்தனைகளோடு 2 ஆண்டுவரை தள்ளிவைப்பார்கள். நிபந்தனையை மீறினால் குற்றம் செய்தீர்களா என்ற கேள்வியே எழாது. ஒப்புதல் கையில் இருக்கிறது, அடுத்தது தண்டனைதான்.

ஒழுங்காக முடித்தால் மாநிலம் தள்ளுபடி செய்துவிடும். குடியேற்றச் சட்டம் விடாது! ஒப்புதலோடு நீதிபதி புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) மாதிரி ஏதாவது விதித்திருந்தால், எச்1பி, கிரீன் கார்டு காரர்களுக்கு அது குற்றத்தீர்ப்புதான். அதனால் ஒப்புக்கொள்ளும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே நிபந்தனைகளை முடித்து வழக்கிலிருந்து வெளிவரும் 'டைவர்ஷன்' கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள்.