களைத்த நாளுக்குப் பயற்றங்கஞ்சியும் சொதியும்

வயலோ கந்தோரோ, வேலை முடிந்து பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அடுப்படிப் பக்கம் போகவே மனம் வராது. வாரக் கடைசியில் மொத்தமாகச் சமைத்து வையுங்கள் என்பார்கள். பிரிட்ஜ் இல்லாத வன்னி வீட்டுக்கு அது சரிவராது. பங்குனி, சித்திரை வெயிலில் காலையில் வைத்த தேங்காய்ப்பால் கறி மத்தியானத்துக்குள் புளித்துவிடும். சமைத்து வைப்பதை விட ஊறப்போட்டு வைப்பதுதான் இங்கே தோது.

பயறும் கௌபியும் இதற்கென்றே விளைந்தவை. இரவு படுக்க முன் அரைச் சுண்டு (சுண்டு என்பது அரிசி அளக்கும் பேணி) பயற்றைக் கழுவி ஊறப்போடுங்கள். விடிய வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி நிழலில் தொங்கவிட்டால் பின்னேரம் முளை எட்டிப்பார்க்கும். அந்தப் பயறு 15 நிமிடத்தில் அவியும். ஊறாத பயறு அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் கேட்கும். துணியை அவிழ்க்கும்போது வழுவழுப்பும் புளித்த மணமும் இருந்தால் தண்ணீர் வடியாமலோ காற்றுப் படாமலோ கிடந்திருக்கிறது, யோசிக்காமல் எறியுங்கள். கௌபிக்கு முளை தேவையில்லை, 8 மணித்தியாலம் ஊறினால் போதும்.

எவ்வளவு அவித்தாலும் கௌபி கல்லுப்போல் கிடக்கிறதா? பழைய கௌபியாக இருக்கலாம். இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீரைப் பாருங்கள். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணீரில் கல்சியம் கூட. அது பருப்பின் தோலை இறுக்கிவிடும். மழைத்தண்ணீரில் அவியுங்கள், அல்லது ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கள். சிட்டிகைக்கு மேல் போனால் சவர்க்கார வாடை வரும். உப்பைத் தொடக்கத்தில் போட்டாலும் பெரிய பாதகமில்லை. பழப்புளியும் தக்காளியும்தான் அவியவிடாது, அவற்றைக் கடைசியில் சேருங்கள்.

இனிக் கஞ்சி. மூன்று பேருக்கு ஒரே பானை. 5 சுண்டு தண்ணீர் கொதித்ததும் அரைச் சுண்டு சிவப்புப் பச்சையரிசியும் நாலு பல் உள்ளியும் போடுங்கள். அரிசி அரைவேக்காடு வர, 15 நிமிடம் போல், முளைப்பயற்றைச் சேருங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அரிசி வேக முன் பயறு கரைந்துவிடும். பயறு நசிபட்டதும் உப்பு, தட்டிய மிளகு அரைத் தேக்கரண்டி, இரண்டு கைபிடி முருங்கையிலை. மூடாமல் நாலு நிமிடம் விடுங்கள். மூடினால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பேறும். கடைசியாக அரைத் தேங்காயின் முதற்பாலை விட்டு, ஒரு கொதி எழும்ப முன் இறக்குங்கள். ஆற ஆறத் தடிக்கும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் தண்ணியாகவே இருக்கட்டும்.

திருவப் பஞ்சியாக இருந்தால் பக்கற்றில் வரும் தேங்காய்ப்பால் மா கைகொடுக்கும். தாவர உணவு மட்டும் சாப்பிடுகிறவர்கள் பக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள்: சிலவற்றில் கேசினேற் என்ற மாட்டுப்பால் புரதம் கலந்திருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்தால் கட்டிபடாது.

கஞ்சி வைக்கவும் தெம்பில்லாத நாளில் சொதி. அரைத் தேங்காயின் இரண்டாம் பால் 2 சுண்டில் ஒரு வெங்காயம், கீறிய பச்சைமிளகாய் மூன்று, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு வெங்காயம் வாடும் வரை கொதிக்கவிடுங்கள். மாசிக்கருவாட்டுத் தூள் போட்டுப் பழகிய நாக்குக்கு முதலில் சப்பென்றிருக்கும். வெந்தயத்தை எண்ணெயில் சிவக்கத் தாளித்துக் கொட்டினால் ஈடாகும், கருகினால் கைக்கும். முதற்பாலை விட்டபின் நெருப்பைக் குறைத்து அகப்பையால் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள்.

சொதி திரைவது இரண்டு இடத்தில். ஒன்று, முதற்பால் தளதளவென்று கொதிக்கும்போது. மற்றது, அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய் விடும்போது. சூடும் புளியும் சேர்ந்தால் பாலின் புரதம் கட்டிபட்டு எண்ணெய் தனியே மிதக்கும். திரைந்ததைச் சாப்பிடலாம், பார்க்கத்தான் வடிவாக இராது. இறக்கி ஐந்து நிமிடம் ஆறியபின் அரைத் தேசிக்காய்ப் புளி விட்டு, கடையில் வாங்கிய இடியப்பத்துக்கோ பாணுக்கோ ஊற்றிக்கொள்ளுங்கள்.